கம்ப்யூட்டருக்குப் பதவி உயர்வு

அன்று பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. குழந்தை பிறந்தபோது விட்ட கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கு, பல வருஷம் கழித்துத் திரும்பப் போகப் பார்க்கிறேன். கேட்பவர்கள் வீடியோவில் வருவார்கள். என் கம்ப்யூட்டரிலேயே சிலவற்றைச் செய்து காட்ட வேண்டும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட அந்தப் புண்ணியவான் கம்ப்யூட்டரோ, ஸ்விட்சைப் போட்டால் எழுந்திருக்கிறது, மளமளவென்று எழுத்துகளை ஓட்டுகிறது, தானே அணைகிறது, மறுபடி எழுந்திருக்கிறது. ஓயாமல் இதே வேலை.

அடுத்த அறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். டெல்லி சரோஜினி நகரின் சின்ன அரசு குவார்ட்டர்ஸில் ஒளிய இடம் ஏது? அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“ஏங்க, என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணலம்மா. அஞ்சுல இருந்துச்சு. ஆறுக்கு மாத்தினேன், அவ்ளோதான்.”

முந்தின நாள், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே அவருக்குப் பாடம் எடுத்துத்தான் நான் இன்டர்வியூவுக்குப் பழகிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எழும்போது எந்த நிலையில் போய் நிற்க வேண்டும் என்பதற்கு எண்கள் உண்டு. மூன்று என்றால் நெட்வொர்க் இருக்கும், ஆனால் வெறும் எழுத்துத் திரை. ஐந்து என்றால் நாம் எல்லோரும் பார்க்கிற படத்திரை. இப்போது இவற்றுக்கெல்லாம் பெயர்கள் வந்துவிட்டன. பழைய எண்ணைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும். மூன்றை ஐந்தாக்கும் கட்டளையை அவர் கையாலேயே அடிக்க வைத்தேன். ஆறைப் பற்றிச் சொல்வதற்குள் குக்கர் கூப்பிட்டுவிட்டது.

மனிதர் மத்திய அரசு ஊழியர். சம்பளத்தில் லெவல் ஐந்திலிருந்து ஆறுக்கு வர அவர் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். வந்த அன்று பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். அவர் கணக்கில் ஆறு எப்போதும் ஐந்தைவிட ஒசத்திதான். முக்கியமான நாளாயிற்றே, மனைவிக்கு நல்லது செய்வோம் என்று, நான் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கம்ப்யூட்டருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்.

“ஆறுன்னா அணைஞ்சு மறுபடி ஆரம்பின்னு அர்த்தங்க! ஏறி நின்ன உடனே திரும்ப ஆறுதான். இது எங்கே நிக்கும்?”

“அச்சா...” என்றார். “என்னால உன் வேலை போச்சா?”

நன்றாகக் கத்தித் தீர்க்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“ஜல்தி நகருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது மறுபடி எழுந்தபோது, முதலில் வரும் மெனுவிலேயே பிடித்து நிறுத்தினேன். தொடக்கக் கட்டளையின் கடைசியில் ஒன்று என்ற எண்ணைச் சேர்த்தேன். அது பழுது பார்க்கும் நிலை. வெளியாள் யாரும் நுழைய முடியாது, பொறுப்பாளர் மட்டும் உள்ளே. பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ஆறை எடுத்துவிட்டு ஐந்தைத் திரும்ப வைத்தேன். யோசிக்கவே இல்லை, விரல்கள் பாட்டுக்கு ஓடின. எல்லாம் மறந்திருக்கும் என்று இத்தனை வருஷம் பயந்து செத்தேனே! படத்திரை வந்து அசையாமல் நின்றபோது சந்தோஷத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

திரையில் மூன்று பேர். நான் எதற்குப் பயந்தேனோ, அதுதான் முதல் கேள்வி. “இவ்வளவு பெரிய இடைவெளி விட்டிருக்கிறீர்கள். பழுதான மெஷின் ஒன்றைக் கடைசியாக உங்கள் கையால் சரி செய்தது எப்போது?” என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஒருவர் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும்.

“இன்று காலை” என்றேன்.