மண்ணெண்ணெய் மணக்காத சோறு

அம்மாவை லோஞ்சுப் படகில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாள் காலை, அப்பா அலவாங்கை எடுத்து வந்து எங்கள் குசினி அடுப்பை உடைத்தார். அது மண்ணால் பிடித்த மூன்று வாய் அடுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைச் சாணத்தால் மெழுகி வைப்பார். அப்பா அதைக் கோபத்தில் உடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை அழிப்பதுபோல ஒரு மூலையில் தொடங்கி ஒழுங்காக உடைத்தார். மண்ணைக் கடகத்தில் அள்ளிப்போய் வேலியடியில் கொட்டினார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு வந்து, "இனி இந்த வீட்டிலை விறகு எரியாது" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. கொட்டிக் கிடந்த மண்ணில் ஏறி நின்று தம்பி கைதட்டினான்.

அம்மாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. பனம் மட்டையும் பனங்கொட்டை ஊமலும் எரிந்த புகைக்குள் குனிந்து நின்று நின்று பழுதாகிப்போன நெஞ்சு, அந்த வருடச் சோளகக் காற்றுக் காலத்தில் இழுக்கத் தொடங்கி நிற்கவே இல்லை. இனி அவர் புகைக்குக் கிட்டவும் போகக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் என்றால் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். அப்பா கணக்கு வாத்தியார். புகை கூடாது என்றால் விறகு கூடாது, விறகு கூடாது என்றால் விறகடுப்பு எதற்கு என்று படிப்படியாக யோசித்துக் கடைசி வரியில் அலவாங்கை எழுதிவிட்டார். எங்கள் நயினாதீவில் இந்தக் கதை மத்தியானத்துக்குள் இறங்குதுறைவரைக்கும் போய்விட்டது. மனுசி படுத்த கவலையில் மாஸ்டருக்கு மண்டை பிழைத்துவிட்டது என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அலுமாரிக்கு மேலே ஒரு பித்தளை அடுப்பு இருந்தது. அப்பா அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. ஒருநாளும் பற்றவைத்ததில்லை. அடியில் மண்ணெண்ணெய் நிற்கும் உருண்டைத் தாங்கி, பக்கத்தில் காற்றடிக்கப் பம்ப், மேலே பர்னர், அதன் நடுவே மயிர் நுழையும் அளவு துவாரமுள்ள நிப்பிள். பர்னரை முதலில் ஸ்பிரிட் ஊற்றி எரித்துச் சூடாக்கவேண்டும். பிறகு பம்ப் அடித்தால், ஏறி வரும் எண்ணெய் ஆவியாகி, நிப்பிள் துவாரத்தால் சீறி, வெளிக்காற்றோடு கலந்து நீலமாக எரியும். அப்படித்தான் அடுப்போடு வந்த கடதாசியில் எழுதியிருந்தது. அடுப்புக்கு அந்தக் கடதாசியை வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது. அது மஞ்சளாக எரிந்தது. மஞ்சள் நாக்குகள் பானையைச் சுற்றி ஏறின. பானை கறுத்தது, சுவர் கறுத்தது, தம்பியின் மூக்குத் துவாரங்கள் கறுத்தன. சோற்றை வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் மணத்தது.

அப்பா ஒற்றை ரூள் கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். இத்தனை தரம் பம்ப் அடித்தது, சுவாலை இந்த நிறம், இந்த உயரம். பம்ப் அடியைக் கூட்டினால் சுவாலை உயர்ந்து இரைந்ததே தவிர நீலமாகவில்லை. குறைத்தால் சோர்ந்து புகைந்தது. நிப்பிளில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்து அம்மாவின் தையல் ஊசியால் தினமும் குத்தித் துப்புரவாக்கினார். குத்தக் குத்த மஞ்சள் கூடியது. ஒருநாள் பர்னர் நன்றாகச் சூடேறுமுன் அவசரப்பட்டுப் பம்ப் அடித்துவிட்டார். ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பாய்ந்து வந்து குப்பென்று பற்றியது. நெருப்பு கூரை ஓலையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அப்பா ஈரச்சாக்கை எறிந்து அதை அமர்த்திவிட்டுத் திரும்பினார். அவருடைய இடது புருவத்தில் பாதி இல்லை. மறுநாள் அதோடேயே பள்ளிக்கூடம் போய்ப் பின்னங்கள் படிப்பித்தார்.

அந்தக் கிழமைதான் சுருவில் ஊரிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் தமக்கை. பெட்டி நிறையப் பலகாரத்தோடு வந்து, குசினி வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்தார். இருந்து ஒரு பிடி சோறு சாப்பிட்டார். இரண்டாவது பிடி எடுக்கவில்லை.

"தம்பி, இது சோறோ? மண்ணெண்ணை ஊத்திப் பிசைஞ்ச மாதிரிக் கிடக்குது."

"சரிவரும் அக்கா."

"எப்ப சரிவரும்? இதைத் திண்டு பிள்ளையளும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகோ? மூத்தவளை என்னோடை விடு. சின்னவனை அனலைதீவிலை தாய்மாமன் பாக்கட்டும்."

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"பிரிக்க ஏலாது அக்கா. அவ திரும்பி வரேக்கை பிள்ளையள் வீட்டிலை நிக்கோணும்."

மாமி எழும்பிக் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "சரி, ஒரு மாதம் பாப்பன்" என்றார். "அடுத்த முறை நான் வரேக்கையும் சோறு இப்பிடி மணந்தால், உன்னை ஒண்டும் கேக்கமாட்டன். உடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டு போவன்."

அப்பா தலையாட்டினார். அவர் அதை ஒரு சவாலாக எடுத்தார். நான் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்தேன். ஏனென்றால் மாமி வீட்டில் றேடியோ இருந்தது, என் வயதில் மச்சாள்மார் இருவர் இருந்தார்கள், கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது. தம்பி அனலைதீவுக்குப் போவதுபற்றி நான் யோசிக்கவில்லை. அதுவும் ஒரு வள்ளத்தில் போய் வரும் இடந்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்பா என்னை அம்மாவிடம் கூட்டிப்போனார். லோஞ்சு புறப்படும்போது அதன் புகைக்குழாய் கரும்புகையைக் கக்கியது. சனங்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். அப்பா மட்டும் எழும்பி எஞ்சினடிக்குப் போனார். எஞ்சின்காரர் அப்பாவிடம் படித்தவர். கணக்கில் அப்பாவிடம் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல.

"ஏன் தம்பி, இப்பிடிக் கறுப்பாய்ப் போகுது?"

"எண்ணை கூடிப்போச்சு மாஸ்டர். எரியக் காத்துக் காணாது. எண்ணைக்குத் தக்க காத்து வேணும். இப்ப ஓட ஓடச் சரிவரும்."

அப்பா அடுப்பின் கதையைச் சொன்னார். எஞ்சின்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "நிப்பிளை என்னத்தாலை துப்புரவாக்கிறனீங்கள்?"

"தையல் ஊசியாலை."

"அய்யோ மாஸ்டர்! முதல் அழுக்குத்தான் அடைச்சிருக்கும், பிறகு நீங்கள்தான் ஓட்டையைப் பெருப்பிச்சிருக்கிறியள். இனி எவ்வளவு காத்து வந்தாலும் அந்த எண்ணைக்குக் காணாது. புதுசு வாங்கிப் போடுங்கோ. அதுக்கெண்டு நூல் மாதிரிக் கம்பி விக்கினம், அதாலை மட்டும் குத்துங்கோ."

அப்பா தன் பழைய மாணவனைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். "விகிதம்" என்றார். "உனக்கு நான் ரெண்டு வருசம் படிப்பிச்சும் ஏறாத பாடம்."

"இப்ப ஏறியிட்டுது மாஸ்டர்" என்று எஞ்சின்காரர் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மா தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராதாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று நின்று, "சமையல் என்னண்டு?" என்று கேட்டார். அப்பா புருவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஒரு குறையும் இல்லை. நீர் யோசியாதையும்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தரம். வெளியே வந்ததும் நேரே கடைத்தெருவுக்கு நடந்து இரண்டு நிப்பிளும் கம்பியும் வாங்கினார்.

புது நிப்பிள் போட்டதும் சுவாலை நீலமாகியது. அப்பா கொப்பியில் பெரிய எழுத்தில் 'நீலம்' என்று எழுதினார். எழுதி முடிக்குமுன் சோளகக் காற்று குசினிக்குள் புகுந்து சுவாலையை ஒருபக்கம் சாய்த்தது. சோறு ஒருபக்கம் வெந்து மறுபக்கம் அரிசியாகக் கிடந்தது. அப்பா ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, அடுப்பைச் சுற்றி நிலத்தோடு ஒட்ட மறைப்புப் பிடித்தார். காற்று நின்றது. சுவாலை மறுபடி மஞ்சளாகியது.

அன்று அவர் தகரத்தின் முன் குந்தியிருந்ததை இன்றும் காண்கிறேன். தம்பி முதுகில் ஏறி விளையாடினான். அவர் அசையவில்லை. திடீரென எழும்பித் தகரத்தைத் தூக்கினார். சுவாலை நீலம். இறக்கினார். மஞ்சள். தூக்கினார். நீலம். "காத்தை மறிக்கப்போய் நெருப்பின்ரை சாப்பாட்டையும் மறிச்சுப்போட்டன்" என்றார் தனக்குள். ஆணியும் சுத்தியலும் எடுத்துத் தகரத்தின் அடி விளிம்பைச் சுற்றித் துளை போடத் தொடங்கினார். ஒரு வரிசை போதவில்லை. மூன்று வரிசை போட்டபோது காற்று அதற்குள்ளாலும் புகுந்து ஆட்டியது. மூன்றாவதை மண் அப்பி அடைத்தார். இரண்டு வரிசையில் சுவாலை ஆடாமல், வட்டமாக, நீலமாக நின்றது. பானையின் அடியைத் தடவிக் கையை எனக்குக் காட்டினார். கரி இல்லை.

ஆனால் மணம் போய்விட்டதா என்பது அவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க மண்ணெண்ணெயோடு கிடந்து அவர் மூக்கு மரத்துப்போயிருந்தது. "பிள்ளை, என்ரை மூக்குச் சரியில்லை. நீதான் சொல்லோணும். மணக்குதோ?"

அது திங்கட்கிழமை. மாமி சொன்ன மாதம் முடிகிறது, சனிக்கிழமை அவர் வருவார். நான் ஒரு வாய் வைத்தேன். வெறும் சோறு. நல்ல வெள்ளைச் சோறு.

"மணக்குது" என்றேன்.

அப்பா என்னைச் சந்தேகிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைக் கழற்றினார். செவ்வாய் பர்னரைச் சாம்பலால் தேய்த்தார். புதன் தாங்கியைக் கவிழ்த்துக் கழுவி, எண்ணெயைத் துணியால் வடித்து ஊற்றினார். வியாழன் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணியும் குடியாமல் பம்பின் தோல் வாசரை மாற்றினார். ஒவ்வொரு நாளும் சோற்றை என் முன்னால் வைத்து என் வாயையே பார்த்தார். ஒவ்வொரு நாளும் நான் "மணக்குது" என்றேன். வெள்ளிக்கிழமை அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கத்தரிக்காய்ப் பொரியலை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

சனிக்கிழமை மாமி வெறும் பையோடு வந்தார், எங்கள் உடுப்பை வைக்க. அப்பா சோறும் பருப்பும் சொதியும் பரிமாறிவிட்டு, தோற்றுப்போனவராகச் சுவரோடு நின்றார். மாமி சாப்பிட்டார். ஒரு பிடி. இரண்டு பிடி. மூன்றாவது பிடியில் நிமிர்ந்தார்.

"தம்பி, என்ன செய்தனீ? ஒரு மணமும் இல்லையே."

அப்பா மாமியின் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் பார்த்தார். என் காது இரண்டும் சுட்டன.

"பிள்ளை மணக்குது எண்டவள்" என்றார். பிறகு உடனே, "தடிமன் அவளுக்கு. மூக்கடைப்பு" என்றார்.

மாமி இன்னும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமி கடும் மனுசி, ஆனால் நியாயமான மனுசி. வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னேர லோஞ்சில் போய்விட்டார்.

அவர் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

"உண்மையைச் சொல்லு. எந்த நாளிலையிருந்து மணக்கேல்லை?"

"திங்கட்கிழமை."

அவர் கொப்பியைத் திறந்து, திங்கட்கிழமைக்கு நேரே 'மணம் இல்லை' என்று எழுதினார். "அப்ப ரெண்டு வரிசை சரி" என்றார். "இனி அம்மா வரலாம்." அவ்வளவுதான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாத அளவுக்கு அவருக்கு அடுப்பில் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகும் சில கிழமைகள் கழித்துத்தான் அம்மா வந்தார். மெலிந்து, சேலை உடம்பில் நிற்காமல், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நேரே குசினிக்குத்தான் போனார். அடுப்பு இருந்த இடம் வெறும் நிலமாக இருந்ததைப் பார்த்தார். தகரத்தின் துளைகளைப் பார்த்தார். அப்பாவின் பாதி முளைத்த புருவத்தையும் பார்த்தார். அப்பா குந்தி ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்து, பொறுமையாகக் காத்திருந்து, பம்ப் அடித்தார். சுவாலை இரைந்து நின்றது. தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

அம்மா மூச்சை உள்ளே இழுத்தார். இருமல் வரவில்லை. இன்னொரு தரம் ஆழமாக இழுத்தார். பிறகு என்னைக் கிட்ட அழைத்து, மெல்லக் கேட்டார்.

"அப்பா நல்லாக் கஷ்டப்பட்டவரோ பிள்ளை?"

"இல்லை அம்மா" என்றேன். "நெடுக அடுப்போடை விளையாடிக்கொண்டிருந்தவர்."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நீர் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புகை எங்கே இருந்து வருகிறது என்று குனிந்து சுவாலையைப் பார்த்தேன். அது நீலமாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.