மூன்று பானைகளும் கீழ்வீட்டு மூக்கும்

மகாளய அமாவாசை கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு என் மூன்று மண்பானைகளுக்கும் கெடு விதிக்கப்பட்டது. தீபாவளிக்கு முன் அவை பால்கனியைக் காலி செய்துவிட வேண்டும். இடம், மாடிப்படிக்குக் கீழே பைக்குகளுக்கு நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். விதித்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

புதுக்கோட்டையில் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்துவிடக்கூடிய தூரத்தில் எங்கள் கட்டடம் இருக்கிறது. நான்கு தளங்கள், எட்டு வீடுகள். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் முதல் மாடியில் குடியேறினோம். நாட்குறிப்பு எழுதுவது எனக்கு நெடுநாள் பழக்கம். மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், மோட்டார் போட்டது, காஸ் மாற்றியது எல்லாம் அதில் இருக்கும். ஆடி முதல் தேதியன்று அதில் ஒரு புதுத் தலைப்பு சேர்ந்தது: 'குறைத்தல்.'

படித்ததன் விளைவுதான். மண்ணையும் தண்ணீரையும் பற்றி, பழைய ஏரிக் கல்வெட்டுகள்வரை, இத்தனை வருடம் படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஷவரை மூடிவிட்டு வாளிக் குளியலுக்கு மாறினோம். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போனது. துணி அலசிய கடைசித் தண்ணீரை வாளிகளில் பிடித்துவைத்து வீடு துடைத்தோம். துணிப்பையை மறந்துவிட்டு உழவர் சந்தைக்குப் போகிற ஆள் நான் என்பதால், மனைவி அதை வாசல் கதவின் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டாள். பையை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் பானைகள். நார்த்தாமலைப் பக்கம் போய்த் திரும்பும்போது சாலையோரத்தில் வாங்கியவை. பக்கவாட்டில் துளையிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, காய்கறித் தோலையும் தேங்காய் நார்த்தூளையும் மாற்றி மாற்றிப் போட்டு உரமாக மக்க வைத்து வந்தேன். சமைத்த சோறு போடவே மாட்டேன். இதற்கென்று நாட்குறிப்பில் நான்கு பத்திகள் கோடு போட்டு வைத்திருந்தேன்: நாள், போட்டது, ஈரம், வாசனை. வாசனை என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'இல்லை' என்றே எழுதியிருந்தது.

புகார் சொன்னவர் தரைத்தளத்தில் எங்களுக்கு நேர் கீழே இருக்கும் மீமிசல்காரப் பெண். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளின் படிப்புக்காக அவர் இங்கே வந்து இருக்கிறார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆடியில இருந்து எங்க அடுப்படிச் சன்னலத் தொறக்க முடியல. மாசத்துல நாலு நாளு அப்படி ஒரு நாத்தம்."

"பானை வந்ததும் ஆடியிலதானே சார்?" என்றார் செயலாளர்.

நான் நாட்குறிப்பை விரித்து வாசனைப் பத்தியைத் தேதிவாரியாகப் படித்துக் காட்டினேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல இல்லை, இல்லைன்னு எழுதுனது யாரு சார்?"

"நான்தான்."

படியில் நின்றிருந்த மனைவி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அடுப்புல பால் தீஞ்சு வீடே பொகையாக் கெடக்கையில, ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்ச மூக்கு அது" என்றாள்.

கூடியிருந்த எட்டு வீடும் சிரித்தது. என் சாட்சியம் அத்தோடு முடிந்தது.

கீழ்வீட்டுப் பெண் மட்டும் யோசித்தபடி நின்றார். "மீனா இருந்தா எத்தனை நாள் மீனுன்னு சொல்லிருவேன். இது மீனும் இல்ல, காய்கறியும் இல்லண்ணே. ஊசிப்போன சோறு."

"பானையில நான் சோறே போடுறதில்லம்மா."

"அப்ப ஆருதான் போடுறா?"

பதிலுக்குக் கெடு வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை கீழ்வீட்டுப் பெண்ணின் கதவைத் தட்டி, நாற்றம் அடித்த நாட்கள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் அடுப்படியிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். சிலிண்டர் வந்த நாள், பள்ளிக்கூட வேன் வராத நாள் எல்லாம் பேனாவால் குறித்திருந்தார். நாற்றமடித்த நாட்களில் 'நா' என்று ஓர் எழுத்து. என்னைப் போலவே இன்னொருவர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. நின்றபடியே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மேலே ஓடினேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பானையை நான் கிளறுவது ஞாயிறுதோறும். நாற்றமோ மூன்றே முறை வந்திருந்தது. ஆடி, ஆவணி, புரட்டாசி, மூன்றிலும் அமாவாசை முடிந்த மூன்றாம் நாள் தொடங்கி நான்கு நாள் இருந்திருக்கிறது. எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. பானைக்கு அமாவாசை ஏது? அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் மனிதர்கள். இந்த வழக்கம் இல்லாத கீழ்வீடு தவிர ஏழு வீட்டாரும் மொட்டை மாடியில்தான் வைப்போம். அந்தச் சோற்றை யாரோ என்னவோ செய்கிறார்கள். ஆளைப் பிடித்துவிடும் உற்சாகத்தில் ஆடி அமாவாசைப் பக்கத்தைப் புரட்டினேன்.

என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'காக்கைக்குச் சோறு வைத்தோம். ஏழு வீட்டுச் சோறு, வந்தவை நான்கு காகங்கள். நிறைய மீந்து தரையில் சிந்திக் கிடந்தது. படைத்த சோறு மிதிபடக் கூடாது; குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. துணி அலசிய தண்ணீர் இரண்டு வாளி கொண்டுபோய்க் கழுவிவிட்டேன். தண்ணீரும் வீணாகவில்லை.'

ஆவணியிலும் இரண்டு வாளி. மகாளய அமாவாசைக்குச் சோறு அதிகம் என்பதால் மூன்று.

கழுவிவிட்டது எங்கே போயிற்று? ஏரிக்கு மதகு வைத்தவர்களைப் பற்றிக் கோயில் கோயிலாகக் கல்வெட்டுப் படித்துக் குறித்தவன் நான். என் தலைக்கு மேலே விழும் தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மூலையில் ஒரு துளை. அதிலிருந்து இறங்கும் குழாய் என் பால்கனியை, பானைகளை உரசிக்கொண்டு கீழே போய், மழைநீர் சேகரிக்கும் ஜல்லிக் குழியில் முடிந்தது. குழிக்கு நேர் மேலே கீழ்வீட்டின் அடுப்படிச் சன்னல்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. இனிமேல் கழுவாமல் விட்டால் நாற்றம் தானாக நின்றுவிடும். ஆனால் அதற்குள் பானைகள் போயிருக்கும். அவை போனதால்தான் நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். இனி இந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு தோலைக்கூட மக்க வைக்க முடியாது. மனைவியிடம் சொன்னேன். அவள் சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓய்ந்த பிறகு, "போய்ச் சொல்லிருங்க. அந்த மூணு பானையும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

மாலையில் செயலாளரையும் கீழ்வீட்டுப் பெண்ணையும் குழிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன். என் மூக்குக்கே தெரிந்தது. செயலாளர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினார். ஜல்லிக்கு மேலே வெள்ளையும் பச்சையுமாகச் சோறு ஒரு படலமாகக் கிடந்தது. நாட்குறிப்பிலிருந்த மூன்று பக்கங்களையும் நானே படித்துக் காட்டினேன்.

"அப்ப பானை இல்ல. பானைக்காரரு!" என்றார் செயலாளர் துண்டுக்குள்ளிருந்து.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். கீழ்வீட்டுப் பெண் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏழு வீட்டுச் சோத்தையும் எனக்கு அனுப்பிட்டு, கொழம்ப அனுப்ப மறந்துட்டீங்களேண்ணே!"

செவ்வாயும் புதனும் ஜல்லியை வெளியே அள்ளிக் கழுவி, காயவைத்து, திரும்ப நிரப்பினேன். முதுகு வலி வெள்ளிவரை இருந்தது. பானைகளின் கெடு, தீபாவளி அமாவாசை முடிந்து ஆறாம் நாள்வரை தள்ளிவைக்கப்பட்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது கீழ்வீட்டு மூக்கு என்று செயலாளர் அறிவித்தார். நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

தீபாவளி அமாவாசையன்று வீட்டுக்கு ஒரு சிறு உருண்டைதான் சோறு. அதையும் வாழையிலைத் துண்டில் வைக்கச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டேன். "நாலு காக்காய்க்கு இது போதும்தான்" என்று எல்லோரும் சம்மதித்தார்கள். குழாய்த் துளைக்குக் கம்பிவலை போட்டாயிற்று. பன்னிரண்டு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தால், மீந்தது ஒரு பிடிகூட இல்லை. இலையோடு எடுத்துவந்து நிறைய நார்த்தூள் கலந்து பானைக்குள் புதைத்தேன். அன்று மூன்று நாற்பதுக்குத் தொடங்கி ஐந்து இருபதுவரை நல்ல மழை. மாடித் தண்ணீர் குழாய் வழியே சுத்தமாகக் குழிக்குள் இறங்குவதைக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து பால் வாங்கும் சாக்கில் ஒரு நாளைக்கு நான்கு முறை கீழே போனேன். சன்னல் திறந்தே இருந்தது. ஆனாலும் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆறாம் நாள் காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. காலண்டரும் கையுமாகக் கீழ்வீட்டுப் பெண் நின்றார்.

"பாத்துக்கங்க. ஒரு 'நா'கூட இல்ல. பானை இருக்கட்டும்ணே."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முந்தானைக்குப் பின்னாலிருந்து மூடிபோட்ட டப்பா ஒன்றை நீட்டினார்.

"நேத்து மணமேல்குடியில இருந்து எங்க கூடப்பொறந்த நானா எறா கொண்டாந்தாரு. ஓடெல்லாம் சேத்து வச்சிருக்கேன். குப்பையில போட்டா நாறும். பானையில போடலாமுல்ல?"

பின்னால் மனைவி பால்கனிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யோசிக்காதீங்க. அடியில பொதச்சு, தூள அள்ளிக் கொட்டுங்க. நாறுச்சுன்னா நான் சொல்ல மாட்டேனா?"

டப்பாவை வாங்கிக்கொண்டேன். அன்றைய பதிவு நாட்குறிப்பில் இருக்கிறது. போட்டது: இறால் ஓடு, ஒரு டப்பா, நார்த்தூள் இரண்டு மடங்கு. ஈரம்: சரி. வாசனை: கீழ்வீட்டில் கேட்டு எழுத வேண்டும்.