மகளுக்குத் துணையாக நானும் எழுதிய நுழைவுத் தேர்வு

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை ஐந்தே கால் மணி. அரியலூர் பேருந்து நிலையத்தில் நல்ல பனி. பேருந்தின் ஊர்ப் பலகையைப் படிக்கவே பக்கத்தில் போக வேண்டியிருந்தது. திருச்சி வண்டியில் நானும் என் மகளும் ஏறி உட்கார்ந்தோம். இருவர் பையிலும் நான்கு நான்கு பென்சில், ஒரு கால்குலேட்டர், ஓர் அனுமதிச் சீட்டு. ஆமாம், எனக்கும் ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் கணினிப் பொறியியல் படித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தாள். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். எம்.ஈ. சேராதவர்களை அடுத்த கல்வி ஆண்டில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். எம்.ஈ. சேருவதென்றால், மாதாமாதம் உதவித்தொகையுடன் நல்ல இடத்தில் சேர, எல்லோரும் கேட் என்று சொல்லும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்.

பாடம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. தேர்வு அறைதான் பிரச்சினை. முந்தைய ஆண்டு எழுதப் போனவள் முக்கால் மணி நேரத்தில் வியர்த்து, உடம்பு முடியவில்லை என்று கெஞ்சி வெளியே வந்துவிட்டாள். வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த என்னிடம், "எழுத்தெல்லாம் தெரியுதுப்பா. என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியல" என்றாள். உறவினர்களிடம் தேர்வு கடினம் என்று சொல்லிச் சமாளித்தோம்.

இந்த முறை விண்ணப்பத்தோடு வந்த விதிமுறைப் புத்தகத்தை நான் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களும் எழுதலாம் என்று இருந்தது. என்னிடம் அந்தப் பட்டம் இருந்தது. வயது வரம்பு என்று எங்கேயும் இல்லை. இரண்டாம் முறையும் தேடிப் பார்த்தேன், இல்லை. அவள் எழுதும் அதே கணினித் தாளுக்கு நானும் விண்ணப்பித்தால், ஒரே அறையில் அவளுக்கு அடுத்த இடத்தில் உட்காரலாமே என்று தோன்றியது.

மகளிடம் சொன்னபோது, பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். என் மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏங்க, புள்ளைக்குத் தொணைக்குப் போறதுன்னா வாசல்ல நிக்கறது. உள்ளயே போயி உக்காருவாங்களா? நாளைக்கு அவ பிரசவத்துக்குப் போனா பக்கத்துக் கட்டில்ல நீங்க படுத்துக்குவீங்களா?"

"அதுக்கு அனுமதி கிடையாது" என்றேன். "இதுக்கு இருக்கு."

பணம் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் மகள் கல்லூரிக்குப் போனதும் அவளுடைய புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்குத் தெரிந்த கணக்குப் பகுதி. பிறகு கணினிப் பகுதி. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே முக்கோணத்தையும் ஒரே வட்டத்தையும் கரும்பலகையில் வரைந்தவனுக்கு, இதெல்லாம் புது ஊருக்கு வந்து இறங்கியது போல இருந்தது. மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "உன் விடை எத்தனை? எனக்கு பதினேழு வருது" என்று கேட்பேன். "தண்ணி குடிச்சுக்கறேம்ப்பா" என்பாள். விடை பொருந்தினால் இருவரும் கை தட்டிக்கொள்வோம். பொருந்தாவிட்டால் சோறு ஆறிப் போகும் வரை சண்டை.

விண்ணப்பம் அனுப்புவதில் நான் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அது தொலைந்துபோனால் என்ன ஆவது? அவளுடையதை அரியலூர் தபால் நிலையத்தில் பதிவு செய்தேன். மூன்று நாள் கழித்து என்னுடையதைப் பெரம்பலூரில் பதிவு செய்வதற்காக அவளோடு பஸ்ஸில் போனேன்.

வழியில் ஒரு குறுகலான இடத்தில் எங்கள் பஸ்ஸும் எதிரே வந்த சுண்ணாம்புக்கல் லாரியும் முட்டிக்கொள்வது போல நின்றன. லாரி பின்னால் போக முடியாமல் ஒரு டிராக்டர். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன். டிராக்டர் ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒரு மாட்டு வண்டி. நாங்கள் நகர்ந்தால்தான் அந்த வண்டி நகரும். ஒவ்வொருவரும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் இடத்துக்குக் காத்திருந்தார்கள். முந்தின நாள் படித்த கணினிப் பாடம் அப்படியே கண் முன்னால் நின்றது. நான் எழுந்தே விட்டேன்.

"டெட்லாக்கும்மா இது. புத்தகத்துல இருக்கற நாலு நிபந்தனையும் இருக்கு பாரு."

"அப்பா, உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன சார் லாக்கு?" என்றார்.

"இதுல யாராவது ஒருத்தர் பிடிச்ச இடத்த விட்டாத்தாங்க தீரும்."

"அதத்தான் சார் நானும் கால் மணியா கத்திக்கிட்டு இருக்கேன். இங்கிலீஷ்ல சொன்னா மட்டும் நகந்துருவானா?"

பஸ்ஸே சிரித்தது. என் மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

ஜனவரியில் அனுமதிச் சீட்டுகள் வந்தன. பிரித்ததும் முதலில் தேர்வு எண்களைத்தான் பார்த்தேன். இரண்டு எண்களுக்கும் நடுவில் நானூறுக்கு மேல் வித்தியாசம். தனித்தனி ஊரில், தனித்தனி நாளில் அனுப்பினால் எண்கள் எப்படி அடுத்தடுத்து வரும்? எதற்காக விண்ணப்பித்தேனோ அதை என் ஜாக்கிரதையே கெடுத்துவிட்டது. "பரவால்லப்பா" என்று மகள் சொன்னாள். ஆனால் அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தேர்வு நாளன்று திருச்சியில் அந்தக் கல்லூரிக்குப் போனபோது எட்டு மணிகூட ஆகவில்லை. அவளுக்கு முதல் மாடி, எனக்குத் தரைத்தளம். படிக்கட்டு அடியில் நின்று, "நான் இதே கட்டடத்துலதான் இருக்கேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறினாள்.

என் அறையில் இருந்த பையன்கள் என்னைப் பார்த்ததும், மேற்பார்வையாளர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்கள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

ஒன்பதரை மணிக்கு வினாத்தாள் வந்தது. தொண்ணூறு கேள்விகள். முதல் பக்கத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. மனம் துள்ளியது. பென்சில் ஓடியது. உண்மையைச் சொன்னால், அரை மணி நேரத்துக்கு மேல் மகளை மறந்தே போனேன். பிறகு எதேச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். மாம்பழ நிறச் சுடிதார் போட்ட ஒரு பெண், குனிந்த தலையோடு வாசலை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். என் மகள் அன்று போட்டிருந்தது மாம்பழ நிறச் சுடிதார். கடிகாரத்தைப் பார்த்தேன். போன ஆண்டு அவள் எழுந்து வந்த அதே முக்கால் மணி நேரம்.

நான் எழுந்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "பெரியவரே, வெளிய போகக் கூடாது. போனா திரும்ப உள்ள விட மாட்டோம்." என் முகம் எப்படி இருந்ததோ, சட்டென்று குரலைத் தாழ்த்தி, "நெஞ்சு வலிக்குதா சார்?" என்றார். வாசலில் அவள் தனியாக நிற்பாள் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

விடைத்தாளை வாங்கிக்கொண்டு ஓர் ஊழியரைத் துணைக்கு அனுப்பினார்கள். நெஞ்சு வலிக்காரன் முன்னால் ஓட, ஊழியர் பின்னால் ஓடி வந்தார். "சார், மெதுவா. ஓடாதீங்க சார்." வாசலுக்கு எதிரே பெட்டிக்கடையில் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். சோப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். விடுதி மாணவி. என் மகள் இல்லை.

எனக்கு நெஞ்சு வலி இல்லை என்று அந்த ஊழியரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பக்கத்துத் தெரு மருத்துவமனையில் சட்டையைக் கழற்றி, ஈ.சி.ஜி. எடுத்து, நெடுநேரம் படுக்க வைத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே படுத்திருந்த நேரம் முழுவதும், அவள் இப்போது எழுந்து வந்திருந்தால் வாசலில் யாருமே இல்லையே என்பதுதான் என் நினைப்பு.

ஆட்டோவில் திரும்பியபோது பன்னிரண்டரை ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. வாசலில் அவள் இல்லை. பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். மணி அடித்தது. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். கடைசியாக, முகமெல்லாம் வியர்வையும் கையெல்லாம் பென்சில் கரியுமாக என் மகள் வந்தாள்.

"எழுதிட்டேம்ப்பா. கடைசி வரைக்கும் உக்காந்துட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்க எத்தன போட்டீங்க?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா? மூணு மணி நேரத்துலயா?"

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நானும் நடுவுல ஒருதரம் எந்திரிச்சேம்ப்பா. மறுபடியும் எழுத்து மட்டும்தான் தெரிஞ்சுது. அப்பறம், கீழ அப்பா எழுதிக்கிட்டு இருக்காரு, நாம போறது தெரிஞ்சா அவரும் பேப்பரக் குடுத்துட்டு வந்துருவாரு, நம்மால அவரு ஏன் கெடணும்னு உக்காந்துட்டேன்."

இருவரும் நடுரோட்டில் நின்று, போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். ஏன் என்று தெரியவில்லை, எனக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

என் பெயருக்கு வந்த முடிவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் நல்ல மதிப்பெண் வாங்கி, அந்த ஆண்டே உதவித்தொகையுடன் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாள். நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நம்பிய நேரத்தில் பெரும்பகுதி நான் அந்தக் கட்டடத்திலேயே இல்லை; ஆனாலும் அன்றுபோல நான் யாருக்கும் துணையாக இருந்ததில்லை என்றே இன்றும் நினைக்கிறேன், அதற்கு எனக்கு ஆன செலவு, என் விண்ணப்பக் கட்டணம் முதல் ஈ.சி.ஜி. வரை, மொத்தம் ஆயிரத்து ஒன்பது ரூபாய்.