உலகம் பொய் என்று சொல்ல வந்தவள்

பெலிண்டாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கல்லூரித் தாளாளர் வராந்தாவில் நடந்தால் போதும், வகுப்புக்குள் இவள் கையிலிருக்கும் சாக்பீஸ் நடுங்கும். அவள் இயற்பியல், நான் வேதியியல்; இருவரும் ஒப்பந்த விரிவுரையாளர்கள். மே மாதம் வந்தால் வேலை நிலைக்குமா போகுமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்காவது ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு, சம்பாதிக்கிற கணவர். அவளுக்குப் பாலக்கரையில் வாடகை வீடும், டயாலிசிஸுக்குப் போகிற அப்பா அமிர்தசாமியும்தான்.

அப்பா வடக்கே இட்டார்சியில் கேன்டீன் சமையல்காரராக இருந்ததால் பெலிண்டா அங்கேதான் படித்து வளர்ந்தாள். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதுவே வினையாக வந்தது. தாளாளருக்கு வடக்கே ஒரு குருஜி மேல் பக்தி. ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதி மண்டபத்தில், வேதாந்தத்தையும் நவீன இயற்பியலையும் பற்றி குருஜி இந்தியில் பேசுவார், பெலிண்டா மேடையில் அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. “நல்லா பண்ணுங்கம்மா, மே மாசம் பாத்துக்கலாம்” என்றார் தாளாளர்.

“அக்கா, நான் கிறிஸ்டியன். ஏதாவது தப்பா வந்துட்டா போன்ல வீடியோ புடிச்சுப் போட்டுருவாங்க. பயமா இருக்குக்கா” என்றாள் என்னிடம்.

“போடி பைத்தியம், அவர் சொல்றதைச் சொல்லிட்டு இறங்கப் போறே. இதுக்குப் போய்!” என்றேன்.

நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன். முதலில் நன்றாகத்தான் போனது. குருஜி பரமாணு என்றார், இவள் அணு என்றாள். அவர் ஆகாஷ் என்றார், இவள் ஆகாயம் என்றாள். நம் மொழிகள் எல்லாவற்றிலும் ஒரே விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று அவர் சொன்னதற்குப் பலத்த கைதட்டல். பிறகு போட்டாரே ஒரு போடு! பார்க்கிறவன் இல்லாவிட்டால் பொருளே இல்லை, உலகம் வெறும் பொய், இயற்பியல் இதை நிரூபித்துவிட்டது என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட பாவி மனுஷா, ராமானுஜர் வாழ்ந்த ஊரில் வந்து உலகம் பொய் என்கிறாயே! எங்கள் வைஷ்ணவர்களுக்கு உலகம் பெருமாளின் சரீரம், நிஜத்திலும் நிஜம். வேதாந்தத்தில் எத்தனை கட்சி உண்டு என்று அந்த ஆளுக்கு யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது.

மேடையில் மொழிபெயர்ப்பவர்கள் பேச்சாளராகவே மாறி, ‘நான்’ என்றுதான் பேசுவார்கள். பெலிண்டாவும் அப்படியே பேசினாள். “இந்த உலகமே பொய்னு நான் சொல்றேன். பிசிக்ஸ் அதை நிரூபிச்சிடுச்சு.” கடைசி வார்த்தைகளில் அவள் குரல் உள்ளே போய்விட்டது.

முன்வரிசை மாமி ஒருத்தி எழுந்தாள். “ஏம்மா, லோகம் பொய்யா? பெருமாளோட சரீரம்னா இது! ஸ்ரீரங்கத்துல நின்னுண்டு இப்படிச் சொல்ல உனக்கு என்ன தைரியம்?”

இன்னும் பலர் எழுந்தார்கள். போன்கள் உயர்ந்தன. “யாரும்மா நீ? பேரைச் சொல்லு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பெலிண்டா தன் கழுத்துச் சிலுவையைக் கையால் மூடிக்கொண்டாள்.  குருஜியோ ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அது... அவர் சொன்னதுங்க” என்றாள்.  “நான் பெலிண்டா, பிசிக்ஸ் டீச்சர். உலகம் பொய்னு பிசிக்ஸ் எங்கயும் நிரூபிக்கலைங்க.”

 மண்டபமே கைதட்டியது. தனக்குத்தான் என்று நினைத்துக் குருஜி எழுந்து கும்பிட்டார். தாளாளர் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“‘மேடையில பதறிட்டேன், குருஜி சொன்னதுதான் சரி’ன்னு வீடியோவுல ஒரு வார்த்தை பேசிடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு” என்றார்.

“எங்க அப்பாவுக்கு டயாலிசிஸ் நிறுத்த முடியாது சார்.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன்.”

அவள் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

“என் பிள்ளைங்க அதைப் பார்த்துட்டுப் பரீட்சையில எழுதுவாங்க சார். தப்புன்னு நான்தானே அடிக்கணும்? முடியாதுங்க சார்.”

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘இதுக்குப் போய்!’ என்று அன்று சொன்ன நான், அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தேன்.