குங்குமத்துக்குப் பின்னால் ஒரு முகம்

சாணார்பட்டியில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாள், ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமி படங்களை வாங்கி விற்கும் என்னிடம் ஒரு புது முருகன் படத்தை வாங்கிக்கொண்டு தன் வீட்டுப் கல்லச்சில் அச்சிட்ட பழைய லட்சுமி படத்தைத் தரச் சம்மதிக்கிறாள். நேற்றிலிருந்து நான் சாப்பிடவில்லை. ஆனாலும் கை பரபரக்கிறது. விளக்குப் புகையும் பல வருஷக் குங்குமமும் கண்ணாடியை மூடியிருக்கின்றன. தாமரை மட்டும் தெரிகிறது. தாளைச் செல் அரித்திருக்கிறதா என்று பார்க்க ஈரத்துணியால் துடைக்கிறேன். முதலில் ஒரு கண் வருகிறது. பிறகு மூக்குத்தி, சிரிக்கப் போகும் உதடு. என் கை நின்றுவிடுகிறது.

"ஆத்தீ! இம்புட்டு நாளும் நம்மளப் பாத்துக்கிட்டா இருந்தா?" அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். "இவள அனுப்ப மாட்டேண்ணே. முருகன நீங்களே கொண்டு போங்க. செத்த இருங்க, சோறு போடுறேன்."

வட்டிலில் சோறு ஆறுகிறது. நான் லட்சுமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.