ஏழுமலையின் நீல லாரி

சென்ற மாதம் மரக்காணம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் லாரி ஒன்று வந்து ஓரம்கட்டியது. அதன் தட்டை முதுகில் ஒரு பழைய கார். நான்கு சக்கரங்களையும் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். வீதியுலா வந்த உற்சவர் மாதிரி அசையாமல் இருந்தது. ஓட்டிவந்த இளைஞன் டீ சொல்லிவிட்டு, கையிலிருந்த சின்னக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினான். லாரியின் முதுகு அப்படியே சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்த்தானாம்.

“இது எவ்ளோ வெயிட்டு தாங்கும்? பின்னாடி டபுள் டயரா?” என்று கேட்டேன்.

“இன்னா சார், லாரி வாங்கப் போறீங்களா?” என்று சிரித்தான்.

அவன் டீ வாங்கத் திரும்பியபோது நான் செய்த காரியம் எனக்கே பிடிபடவில்லை. குனிந்து, லாரியின் பின்சட்டத்தில் ஆள்காட்டி விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துவிட்டேன். அவன் பார்த்துவிட்டான்.

“சார், சார், அது கிரீஸு சார்!”

கிரீஸ்தான். அந்த வாய்க்கசப்போடு நேராக எழுபதுகளுக்குப் போய் விழுந்தேன். எதற்காக ஒரு மனிதன் லாரியை நக்கிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஏழுமலை என் பள்ளித் தோழன். உப்பளத்துக்குப் போகும் பாதையில் ஓலைக் கொட்டகை போட்டு ஒர்க்ஷாப் வைத்திருந்தான். உப்பு லாரிகளுக்கு பிரேக் பார்ப்பதும் ஸ்பிரிங் பட்டை மாற்றுவதும் வயிற்றுக்கு. மனசுக்கு வேறொன்று வைத்திருந்தான். பாண்டிச்சேரியிலிருந்து பிரான்ஸுக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன கார்கள் அப்போது சில வீடுகளின் பின்கட்டில் கோழி அடையக் கிடந்தன. அப்படிக் கிடந்த ஒரு கறுப்புக் காரை மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்து, இரண்டு வருஷம் அதன் மேலேயே கிடந்து, ஒரு பொங்கலன்று கடைத்தெருவில் ஓட்டிக் காட்டினான். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக வெளியே வந்தார்கள்.

நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வட்டார நிருபர். புயல், படகு கவிழ்ந்தது, உப்பு விலை, கோயில் திருவிழா. எழுதிக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஒரு பக்கம் எழுதினால் நாலு வரி வரும். பெயர் வராது. ‘நமது நிருபர்’ என்றிருக்கும். பல நாள் அதற்கும் இடமிருக்காது. என் அப்பா உப்பு இலாகா அலுவலகத்தில் எழுத்தர். நான் எழுதிய எதையும் அவர் படித்துப் பார்த்ததில்லை. படித்ததாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. அந்த வகையில் நேர்மையானவர். அவர் அந்தக் கறுப்புக் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். எண்ணிக்கொண்டுதான் நின்றேன், இரண்டு முறை. பிறகு அதன் மூக்கில் கை வைத்து, “அவன் கையில இன்னாமோ இருக்குதுடா” என்றார்.

பொறாமை என்பது நெஞ்சில் எரியும் என்று எழுதுகிறார்கள். எனக்கு எரியவில்லை. காதில் தண்ணீர் புகுந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. எல்லாம் கேட்கும், ஆனால் எதுவும் சரியாகக் கேட்காது. ஏழுமலை என்ன பேசினாலும் அதற்கடியில் இன்னொன்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்ததாக அவன் ஒரு க்ரீம் நிறக் காரைப் பார்த்து வைத்திருந்தான். நீளமானது, கனமானது, நாலு கதவு. மாட்டுவண்டி அதை நகர்த்தாது. பாண்டியிலிருந்து கடலோரமாக வந்தால் கிட்டம், ஆனால் பாதி வழி மணல். வானூர் வழியாகத் திண்டிவனம் போய், பிரம்மதேசம் சுற்றித்தான் இழுத்து வரவேண்டும். அது மட்டுமல்ல, இன்னும் மூன்று கார்கள் அவன் கணக்கில் இருந்தன. ஆகவே ஒரு லாரி வேண்டும்.

அதற்காகக் கறுப்புக் காரை விற்றான். வாங்கியவர் அதை ஓட்டிப் போனபோது ஏழுமலை கொட்டகைக்குள் போய் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். நான் சாலையில் நின்று அது பிரம்மதேசத்துத் திருப்பத்தில் மறையும் வரை பார்த்தேன். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. இதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

“நீயும் வாடா பேப்பரு. எனக்கு இன்ஜின் தெரியும். ஆனா நீதான் பாக்கறவன். உன் கண்ணுல தப்பாது” என்று என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனான்.

பஸ்ஸில் போகும்போது பாடம் நடத்தினான். இழுக்கிற லாரிக்கு வேகம் தேவையில்லை. ஃபர்ஸ்ட் கியரில் ஆள் நடக்கிற வேகத்தில் முனகாமல் ஏற வேண்டும். லாரிக்குச் சொந்த கனம் வேண்டும். “இளைச்ச மாட்டுல பாரம் கட்டுனா, இறக்கத்துல வண்டி மாட்டைத் தள்ளிடும் பாரு, அந்தக் கதைதான்.” பின்னால் ரெட்டைச் சக்கரம் வேண்டும். எல்லாவற்றையும்விட, கொக்கி மாட்டுகிற பின்சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். “முன்னாடி ஆயிரம் குதிரை இருக்கட்டும்டா. பின்னாடி அந்த ஒரு இரும்புலதான் உசுரு.”

போய் இறங்கியதும் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். மீன் குழம்பு. கொல்லைப்புறம் அண்டாவில் தண்ணீர், அதன்மேல் ஒரு பித்தளைச் சொம்பு. எச்சில் கையால் சொம்பைத் தொடக்கூடாது என்பதால் ஒருவர் ஊற்ற, இன்னொருவர் கழுவ வேண்டும். அவன் சோப்பு வாங்கி இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினான். நான் இடது கையால் மூன்று சொம்பு ஊற்றினேன்; பிறகு அதே சோப்பில் நான் கழுவ, அவன் ஊற்றினான். துண்டு கொண்டுவரவில்லை. கையை உதறிக் காயவைத்துக்கொண்டே நடந்தான்.

லாரி ஷெட் பக்கத்திலேயே. அங்கே எங்களுக்கு ஏற்றதாக இரண்டு லாரிகள் நின்றன. ஒன்று பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட, இன்ஜின் முன்னால் நீண்ட மூக்கு லாரி. மண்நிறம், அங்கங்கே அடி வாங்கிய தகரம், குடிப்பது பெட்ரோல், அதுவும் குடம் குடமாக. இன்னொன்று டீசல். கடல்நீலத்தில் புதுப் பெயின்ட், கதவில் தாமரை, அடிச்சட்டம் முழுக்கத் தடிமனாகக் கறுப்புப் பூச்சு. ஏழுமலையின் கண் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. அழகான வண்டிகள்மேல் பைத்தியமானவனை லாரி வாங்க அனுப்பினால் அப்படித்தான்.

“இது ஜல்லி மட்டும்தான் அடிச்சிச்சுப்பா. கடல்காத்தே பட்டதில்ல” என்றார் தரகர். வெற்றிலைச் சிவப்பில் அவர் வாய்கூட புதுப் பெயின்ட் அடித்த மாதிரிதான் இருந்தது.

எங்கள் ஊரில் பழைய லாரி வாங்குகிறவர்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. உப்பு சுமந்த லாரி வெளியே பளபளக்கும். உள்ளே சட்டம் அரித்துப் போயிருக்கும். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் எங்காவது ஒரு மூலையில் தூரிகை போகாத இடம் இருக்கும். அங்கே விரலைத் தேய்த்து நாக்கில் வைப்பார்கள். கரித்தால் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது.

ஏழுமலை லாரிக்கடியில் புகுந்தான். ஸ்பேனரால் தட்டினான். தடித்த பூச்சுக்குள்ளிருந்து சத்தம் மொத்தையாக வந்தது. பின்சட்டத்தின் உள்மடிப்பில் விரலை விட்டுத் தேய்த்து நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது.

“கரிக்குதே!”

தரகர் வாயைத் திறப்பதற்குள் அவனே சிரித்துவிட்டான். “ச்சே, என் விரலே உப்புதான? மரக்காணத்தான் எதை நக்குனாலும் கரிக்கத்தான் கரிக்கும்.”

தரகரும் சிரித்தார். “அதான! உங்க ஊருல பொண்ணெடுத்தா கொழம்புக்கு உப்பே வாணாம், கையால கலக்குனா போதும்னு சொல்லுவாங்க.”

உண்மைதான். உப்பளக் காற்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். கதவுத் தாழ்ப்பாள் கரிக்கும், பென்சில் கரிக்கும், விரல் கரிக்காத நாள் கிடையாது. மற்ற ஊர்க்காரன் செய்யாத பிசகு அது. உப்பு தட்டுப்பட்டால் அவன் லாரியைச் சந்தேகப்படுவான்; நாங்கள் எங்கள் கையைச் சந்தேகப்படுவோம்.

ஆனால் அந்தக் கைக்கு மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றியவன் நான்.

செய்தி அனுப்புவதற்கு முன் இரண்டாவது சாட்சி வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். லாரியின் மறுபக்கம் போனேன். முதலில் என் விரலை வெறுமனே நாக்கில் வைத்தேன். மெஸ் சோப்பின் வாசனை மட்டும். பிறகு சட்டத்தின் உள்மடிப்பில் தேய்த்து வைத்தேன். கரித்தது. துருவும் உப்பும் கலந்த கரிப்பு, சந்தேகத்துக்கே இடமில்லை. விரல் நுனியில் மெல்லிய செதிளாக இரும்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

“இன்னாடா சொல்ற?” என்று கேட்டான் ஏழுமலை. கண்ணெல்லாம் அந்த நீலம்.

“வண்டி அழகா இருக்குது” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. செய்தியை மட்டும் விட்டுவிட்டேன். அது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது, இடமில்லை என்பார்கள். எனக்கு அன்று இடமில்லாமல் போனது அப்பா அந்தக் காரைச் சுற்றிய இரண்டு சுற்றினால்தான்.

நீல லாரி மரக்காணம் வந்தது. மறுபடியும் கிளாஸும் கையுமாக ஜனங்கள். மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அப்பா வரவில்லை, அவருக்குக் காய்ச்சல். அதில் எனக்குச் சின்னத் திருப்தி.

பத்து நாள் கழித்துப் பாண்டிக்குப் போனோம். க்ரீம் காரைக் கண்டதும், அவன் இத்தனை நாள் பேசியதெல்லாம் குறைவு என்று தெரிந்தது. இருக்கைத் தோல் கிழிந்து, கோழி எச்சம் காய்ந்து, அப்படியும் ராஜகளை. லாரிக்கும் காருக்கும் நடுவே இரும்புக் குழாய் போட்டு மாட்டினான். இழுபடுகிற காரில் ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் உட்கார வேண்டும்.

“நீ ஒக்காரு. உன்னத் தவிர யாரையும் நம்பி இதுல ஏத்தமாட்டேன்” என்றான்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். குழாய் மாட்டியிருந்த சட்டம் என் கண்ணுக்கு நேரே, ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தது. சொல்லவில்லை. அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க எனக்கு ஆசை. திண்டிவனம் வரை அதைப் பிடித்துக்கொண்டு, இது என் கார், முன்னால் போகிறவன் என் டிரைவர் என்று நினைத்தபடி வந்தேன். வழியில் நாலு பேர் வணக்கம்கூட வைத்தார்கள்.

ஊருக்கு முன்னால், உப்பளங்களுக்கு நடுவே கால்வாய்ப் பாலம். சின்ன ஏற்றம்தான். லாரி முனகாமல் ஏறிற்று. நடு ஏற்றத்தில் பழைய கதவைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். சட்டத்தின் ஒரு துண்டு குழாயோடு சேர்ந்து என் பக்கம் வந்துவிட்டது. நீல லாரி மேலே போய்க்கொண்டிருந்தது. நான் கீழே போய்க்கொண்டிருந்தேன். பிரேக் பேருக்குத்தான். கார் பின்பக்கமாகக் கரையில் சரிந்து, உப்புப் பாத்தியில் இறங்கி, சேற்றில் புதைந்து பாதிக் கதவு வரை முங்கி நின்றது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்றார்கள். எனக்கு அடி ஒன்றுமில்லை என்று கண்டதும் ஒருத்தி குரல் கொடுத்தாள். “ஏம்பா மாப்ள, கல்யாணம் எங்க பாத்தியிலதானா? பொண்ணு எங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே வடக்கயிறு கொண்டுவந்து, இருபது பேராக இழுத்துக் கரையேற்றினார்கள். லாரியால் முடியவில்லை, அதற்குக் கொக்கி மாட்ட இடமே இல்லை.

ஏழுமலை காரைப் பார்க்கவில்லை. பிய்ந்து வந்த இரும்பைக் கையில் எடுத்தான். அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. ஒரு செதிளை நாக்கில் வைத்தான்.

“உப்புதான்டா. என் கையின்னு நெனச்சேன்.”

நான் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

“அன்னைக்கி மெஸ்ல சோப்பு போட்டுக் கழுவுனனே. தண்ணி ஊத்துனது நீதான?”

“ஞாபகமில்லப்பா” என்றேன்.

எத்தனை சொம்பு என்பது வரை ஞாபகம் வைத்திருப்பதுதான் என் பிழைப்பு. அது அவனுக்கும் தெரியும். தலையை ஆட்டினான். அதற்குமேல் அன்றோ பிறகோ ஒரு சொல் கேட்கவில்லை.

உப்புத் தண்ணீர் குடித்த காருக்கு உடனே நல்ல தண்ணீர் வேண்டும். உப்பளத்தில் அதற்கு எங்கே போவது? மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து மூன்று நாள் கொண்டுவந்து ஊற்றினான். நானும் ஊற்றினேன், அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் காரின் தரைத் தகரம் விட்டுப்போயிற்று, கதவுகள் கீழிருந்து தின்னப்பட்டன. லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வளைகுடாவுக்கு மெக்கானிக்காகப் போனான். போகும்போது என் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அப்பா பஸ் நிலையம் வரை உடன் நடந்தார். என்னை வேலைக்கு வழியனுப்ப அவர் வாசல் தாண்டியதில்லை.

அங்கே ஏதோ ஒரு பணக்காரரின் பழைய கார்களைப் பார்த்துக்கொள்கிறான் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். பத்துப் பன்னிரண்டு கார்கள், குளிரூட்டிய கொட்டகை. கேட்டபோது காதில் மறுபடியும் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் ஊற்றியது நீதானே என்று ஒரே முறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததற்காகவும் அவன்மேல் எனக்குப் பொறாமைதான். நானாக இருந்தால் தலைப்புப் போட்டு எழுதியிருப்பேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஓட்டலொன்றின் கார் நிறுத்தம். கால்வாய்ப் பாலத்தை அகலமாக்கி ஏற்றத்தைக் கரைத்துவிட்டார்கள். லாரிகளின் முகத்திலிருந்த மூக்கு போயிற்று. பிறகு சென்னைக்குக் குடிபோய் அங்கேயே காலம் போனதில் என் விரலிலிருந்த உப்பும் போயிற்று.

டீக்கடைக்காரன் மூலையில் ஒரு குழாய் வைத்திருந்தான். கையை நீட்டினால் தானாகக் கொட்டும், எடுத்தால் நிற்கும். கிரீஸ் விரலை அங்கேதான் கழுவினேன். அந்த லாரிப் பையன் பக்கத்தில் நின்றும், ஊற்று என்று அவனிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. திண்டிவனத்து அண்டாவும் பித்தளைச் சொம்பும் எந்த இரும்புக்கடைக்குப் போயினவோ. இப்போதெல்லாம் யாரும் யாருக்கும் தண்ணீர் ஊற்றுவதில்லை. எவன் எப்போது கை கழுவினான் என்பது பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியவும் வேண்டியதில்லை.