கௌரி அக்காவின் முப்பது எம்.எல்.

ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு எம்.எல். தண்ணீரை இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விஸ்கி கிளாஸின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார் கௌரி அக்கா. குமிழி இருந்தால்தான் என்ன, விஸ்கிக்கு வலிக்கவா போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "பழக்கம் பிள்ளை, கை சொல்லுக் கேக்குதில்லை" என்றார். விஸ்கியையும் குத்துமதிப்பாக ஊற்றுவது கிடையாது. நோயாளிகளுக்கு மருந்து அளந்து கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்று வைத்திருக்கிறார். அதில் முப்பது என்று போட்டிருக்கும் கோடு வரைக்கும்தான். கோட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்ப்பார். ஒரு சொட்டு கூடியிருந்தால் போத்தலுக்குள் திரும்ப ஊற்றிவிடுவார்.

கூடவே எழுபத்திரண்டு சதவீதக் கறுப்பு சாக்லேட், நான்கே நான்கு சதுரம். முதலில் ஒரு சதுரம் நாக்கில். கடிக்கக் கூடாது. சட்டையில் தலைகீழாகத் தொங்கும் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து இருபது விநாடி எண்ண வேண்டும். பிறகு ஒரு மிடறு. அந்த இருபது விநாடிக்குள் நான் வாயைத் திறந்தால் கையை உயர்த்தித் தடுப்பார். எனக்கோ இருபது விநாடி பேசாமல் இருப்பது பெரிய விரதம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஐலா என்று ஒரு தீவு இருக்கிறதாம். சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடக்கும் மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்தி அங்கே விஸ்கி காய்ச்சுகிறார்கள். முதல்முறை முகர்ந்தபோது யாருக்கோ புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறார்கள் என்றே நினைத்தேன். டிஞ்சர், புகை, கடற்கரையில் ஒதுங்கிக் காய்ந்த பாசி, எல்லாம் கலந்த வாடை. அக்காவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "முப்பத்தஞ்சு வருசம் இந்த மணத்துக்குள்ளைதான் சீவிச்சனான். மற்ற விஸ்கியள் எல்லாம் சென்ட் அடிச்ச மாதிரிக் கிடக்கு" என்கிறார். மற்ற விஸ்கிகளை எங்கே குடித்துப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரே டிரைவ்வேயில் வரிசையாக நான்கு யூனிட் வீடுகள். முன்னால் இருப்பது அக்காவுடையது, கடைசியில் இருப்பது எங்களுடையது. அக்காவுக்கு அறுபத்தைந்து வயது, ஒல்லி, வேகநடை. யாழ்ப்பாணத்திலிருந்து கணவர் மகேசனோடும் கைக்குழந்தையோடும் வந்தவர். வந்த நாளிலிருந்து முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிடுவார். கேட்டால், சும்மா என்பார். என் மகள் மஹதி அவரிடம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அவர் விடாமல் தமிழிலேயே கேட்பார். இருவரும் வருஷக்கணக்காக இப்படிக் கதைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

விஸ்கி வந்த கதை இது. பத்துப் பதினொரு வருஷத்துக்கு முன்னால், அவர் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி டிசம்பர் மாதம் கண்ணை மூடினார். மகள்காரி நன்றி சொல்லி ஒரு போத்தலையும் ஒரு பெட்டி சாக்லேட்டையும் கையில் திணித்துவிட்டுப் போனாள். சாக்லேட் சரி, போத்தலை என்ன செய்வது? நம் ஆட்கள் செய்வதைப்போல வேறு யாருக்காவது பரிசாகத் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். "பிள்ளையார் கதை தொடங்கியிட்டுது பிள்ளை. இருவத்தொரு நாள் விரதம். அது முடிய திருவெம்பாவை. தெரிஞ்ச வீட்டு ஆம்பிளையள் எல்லாம் கையிலை காப்புக் கட்டிக்கொண்டு நிக்கினம். ஆரிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறது?" இந்த ஊர் முழுக்கக் குடித்துக் கொண்டாடும் மாதத்தில்தான் நம் சனங்களுக்குத் தண்ணீர்கூடப் பார்த்துக் குடிக்கிற விரதம். போத்தல் வீட்டிலேயே நின்றது. கிறிஸ்மஸ் அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்து, என்னதான் இருக்கிறதென்று பார்ப்போமே என்று மூடியைத் திருகினார். அப்போது உங்களுக்கு விரதமில்லையா என்று சீண்டினேன். "பிள்ளையார் இன்னும் இலங்கை நேரத்திலை நிக்கிறார். அங்கை அப்பதான் காலமை எட்டரை, பூசையே தொடங்கியிராது" என்றார். பதிலைத் தயாராக வைத்திருந்தவர் மாதிரி இருந்தது.

அதிலிருந்து வருஷம் ஒரு போத்தல். கிறிஸ்மஸ் பின்னேரம் திறப்பார். தினம் முப்பது, ஒரு நாளும் அறுபதில்லை. தைப்பொங்கலன்று அடியில் கொஞ்சம் மிஞ்சும். அது எனக்கு. பொங்கலைக் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பி, அக்கா வீட்டு மரத்தளமான டெக்கில் உட்கார்ந்து, இருபது விநாடி எண்ணிக் குடித்துவிட்டு வருவேன். என் கணவர் பாஸ்கரனுக்கு இது தெரியாது. அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

கௌரி அக்கா சாவைப் பார்த்துப் பயப்படுகிறவர் இல்லை. அது அவருக்கு மாதம் இரண்டு மூன்று முறை வரும் வேலை. அவருக்கு இருப்பது ஒரே பயம், வேலையில்லாத கிறிஸ்மஸ். மகேசன் மாரடைப்பில் இறந்த வருஷம் அப்படி ஒன்று அமைந்தது. மகன் பிருந்தன் அதற்கு முன்பே படிக்க லண்டன் போய்விட்டான், இன்றுவரை அங்கேதான். "கடையள் எல்லாம் பூட்டு. றோட்டிலை ஒரு குருவி இல்லை. எல்லா வீட்டுக்கும் பின்னாலை இறைச்சி வாட்டுற மணமும் சிரிப்புச் சத்தமும். போன் எடுத்துக் கதைப்பம் எண்டால் ஒரு சனமும் எழும்பியிராது, கிறிஸ்மஸ் எங்களுக்குத்தானே முதல் விடியுது. நாள் முழுக்க யன்னலுக்கை நிண்டனான் பிள்ளை. கதிரையிலை இருக்கவும் இல்லை." இதைச் சொன்னது ஒரு பொங்கல் அன்று. சொல்லிவிட்டு என் கிளாஸை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவினார்.

மறுவருஷமே இல்லத்தில் கேட்டு கிறிஸ்மஸ் பகல் ஷிஃப்டை வாங்கிக்கொண்டார். யாரும் விரும்பாத ஷிஃப்ட், கேட்டவுடன் கொடுத்தார்கள். பதினான்கு வருஷம் அது அவருடையதாகவே இருந்தது. காலை ஆறரைக்குக் கார் கிளம்பும். மெல்ல முடியாதவர்களுக்கு வான்கோழியை மசித்துக் கூழாக்கிக் கொடுப்பார், தலையில் காகிதக் கிரீடம் வைத்துவிடுவார், வராத பிள்ளைகளுக்காக அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருவார். நான்கு மணிக்குத் திரும்பினால் முப்பது எம்.எல். அதற்குப் பிறகு தூக்கம். நாள் போய்விடும்.

நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் கிறிஸ்மஸுக்குக் கூப்பிட்டோம். "ஐயோ பிள்ளை, எனக்கு டியூட்டி." அடுத்த வருஷமும் கூப்பிட்டோம். "களைச்சுப் போய் வருவன், நீங்கள் சந்தோசமா இருங்கோ." மூன்றாம் வருஷத்தோடு விட்டுவிட்டோம். கோவில்காரர்களும் விட்டுவிட்டார்கள். கௌரி அக்காவுக்கு வேலை என்பது காலண்டரில் அச்சிட்ட விஷயம் மாதிரி எல்லோருக்கும் பழகிவிட்டது.

போன ஆகஸ்டில் அறுபத்தைந்து முடிந்தது. முழங்கால் கேட்கவில்லை. நிரந்தர வேலையை விட்டு, கூப்பிடும்போது போகிற ஆளாக மாறிக்கொண்டார். கிறிஸ்மஸுக்கு என்னை மறக்க வேண்டாம் என்று நவம்பரிலேயே போய்ச் சொல்லியும் வைத்தார். ஆனால் இப்போது அங்கே இருப்பவர்கள் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த இளம்பெண்கள். பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்கள், அவர்களுக்கும் அந்த நாள் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஷிஃப்டுகளுக்குப் போட்டி போட்டுப் பெயர் கொடுத்துவிட்டார்கள். யாராவது வராமல் போனால் கூப்பிடுகிறோம் என்றார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கிறிஸ்மஸ் அன்று காலை நியூ லின்னில் நண்பர் வீட்டு விருந்துக்குப் புறப்படும்போது, கௌரி ஆன்ட்டியும் வருகிறாரா என்று மஹதி கேட்டாள். அவருக்கு வேலை என்றேன். காரின் பின்சீட்டில் வடைப் பாத்திரம் கவிழாமல் வைப்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. முன் யூனிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னையே ஓங்கி ஒரு குட்டு குட்டத் தோன்றுகிறது.

நான்கு மணி தாண்டித் திரும்பினோம். ஒரு டப்பாவில் பிரியாணி எடுத்துக்கொண்டு, வாசலில் வைத்துவிட்டு வரலாம் என்று போனேன். அக்காவின் கார், மூக்கு தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றது. அதன்மேல், கிறிஸ்மஸ் சமயத்தில் பூக்கும் பொஹுடுகாவா மரம் காலையிலிருந்து உதிர்த்த சிவப்புப் பூவிழைகள். கண்ணாடியிலும் வைப்பரிலும் கைப்பிடியிலும் ஒன்றுகூடக் கலையாமல் படிந்து கிடந்தன.

அக்கா டெக்கில் இருந்தார். நீல யூனிஃபார்ம், கொண்டை ஊசி, சப்பாத்து, நெஞ்சில் பெயர் அட்டை, எல்லாம் போட்டபடி. கிளாஸ் காலி. சாக்லேட்டில் ஒரு சதுரம் மிச்சம். ஃபோனைப் போத்தலில் சாய்த்து எதிரே நிறுத்தியிருந்தார்.

"இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்தனான்" என்றார், நான் கேட்காமலே.

நான் காரைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"காலமை ஆறு மணிக்கு உடுப்புப் போட்டனான்" என்றார். "ஆரும் சுகமில்லை எண்டு நிண்டால் கூப்பிடுவினம்தானே. கூப்பிட்ட உடனை ஓடலாம் எண்டு. பிறகு பின்னேர ஷிஃப்டுக்கெண்டாலும் கூப்பிடுவினம் எண்டு பாத்தன். மூண்டரையும் போட்டுது. இனி என்னத்துக்கு எண்டு ஊத்தினன்."

"என்னக்கா நீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க கூட வந்திருக்கலாமே. பக்கத்துலதானே இருக்கோம்?"

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? இத்தினை வருசமா வேலை, வேலை எண்டு எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போட்டு, இப்ப வேலையில்லை, என்னைக் கூப்பிடுங்கோ எண்டு வாசல் வாசலாப் போய்ச் சொல்லுறதே?"

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க பிரியாணி டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சாக்லேட்டைக் காட்டினார். டெக்கில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதில் அவர் இருந்தார். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது ஃபோன் அடித்தது.

திரையில் இல்லத்தின் பெயர். அக்கா எழுந்தே நின்றுவிட்டார். மாலை ஷிஃப்டுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வாந்தியாம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், உடனே வர முடியுமா என்று மேனேஜர் கேட்பது எனக்கே கேட்டது. பத்து மணிநேரமாக உடுப்போடு உட்கார்ந்து காத்திருந்த அழைப்பு. அக்காவின் கண் காலி கிளாஸுக்குப் போனது. குடித்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாயில் ஒரு சொட்டு இருந்தாலும் நோயாளியைத் தொடக் கூடாது என்பதில் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும்.

குடித்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம்; கிறிஸ்மஸ் நாளில் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருடைய நிதானமான ஆங்கிலத்தில், மன்னிக்க வேண்டும், இன்றைக்கு வர முடியாது என்றார். "என் வீடு நிறைய விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, உங்கள் வீட்டிலா, என்று நம்பமுடியாத குரல். "ஓம்" என்றார் அக்கா, ஆங்கிலத்தை மறந்து. ஃபோனை வைத்தார்.

வீடு நிறைய என்றால், படியில் பிரியாணி டப்பாவோடு நான் ஒருத்தி.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். சாப்பாட்டு மேசையில் என்னவோ இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து டெக்கில் வைத்தார். திரும்பப் போய் இன்னொன்று. இடுப்பில் கைவைத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினார், முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் எழுந்தபோது இரும் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார். மூன்றாவது நாற்காலியில் மடித்த துணிமணி அடுக்கியிருந்திருக்க வேண்டும், வரக் கொஞ்சம் நேரமானது. அதையும் மற்ற இரண்டுக்குப் பக்கத்தில் போட்டார். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். பிறகு குனிந்து, யூனிஃபார்மின் ஓரத்தை இழுத்துப் பிடித்து, மூன்று நாற்காலியிலும் இருந்த தூசியை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.